பக்கத்து வீட்டு கிரைண்டர்

"கேக்குதாங்க? உங்க மகன் கத்த ஆரம்பிச்ச உடனே பக்கத்து வீட்டு அக்கா கிரைண்டரைப் போட்டுருச்சு!"

அஸ்வினி போனைச் சுவர்ப் பக்கம் நீட்டினாள். திருப்பூரில் வேலையில் இருந்த அழகுபாண்டிக்குக் கடகடவென்ற இரைச்சல்தான் கேட்டது.

"கிரைண்டர்தான் கேக்குது. முகிலன் சத்தமே கேக்கலியே?"

"எப்படிக் கேக்கும்? ஒத்தை ஆளுக்குத் தினமும் எதுக்கு இம்புட்டு மாவு? எல்லாம் நம்ம மேல இருக்கிற எரிச்சல்தான். நம்மளை இங்கிருந்து கிளப்பாம விடாது."

டிவியை நிறுத்திய கோபத்தில் ஏழு வயது முகிலன் தரையில் புரண்டு கதவை உதைத்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் வளர்ப்பு சரியில்லை என்றார்கள். டாக்டர் மட்டும், "இது சேட்டை இல்லைம்மா, நடத்தைக் குறைபாடு. அவன் கத்துறப்ப நீங்க பதறாதீங்க. பக்கத்துல சும்மா உக்காந்திருங்க. நீங்க அமைதியா இருந்தா அவனும் அடங்குவான்" என்றார்.

சொல்வதற்கென்ன, டாக்டருக்கு மாடியில் வீட்டுக்காரர் இல்லையே! நெருக்கமான சந்தில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. மாடியில் இருக்கும் சௌரிராஜன் போன மாதமே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை பையன் சத்தம் மேல வந்துச்சுன்னா வீட்டைக் காலி பண்ணிரும்மா."

இவனால் ஏற்கெனவே இரண்டு வீடு மாறியாயிற்று. அந்தப் பயத்தில் முகிலன் கத்தினாலே அஸ்வினி அவன் வாயைப் பொத்துவாள். அவன் கடிப்பான். இவள் அடிப்பாள். அப்புறம் இருவருமே அழுவார்கள்.

இந்தக் கிரைண்டர் சனியன் வந்த பிறகு அதட்டினாலும் அவன் காதில் ஏறப்போவதில்லை என்று அலுத்துப்போய்ச் சும்மா உட்காரத் தொடங்கியிருந்தாள். அதிசயம்போல் அவனும் முன்னைவிடச் சீக்கிரமே அடங்கி, அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் சௌரிராஜன் நின்றிருந்தார். அஸ்வினி குடத்தோடு திரும்பிவிடப் பார்த்தாள். காலி பண்ணச் சொல்லப்போகிறார்!

"பரவால்லியேம்மா, பையன் திருந்திட்டான் போல. மேல சத்தமே வர்றதில்லை."

அஸ்வினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "டாக்டர் சொன்னபடி கேக்குறேன் சார்" என்றாள் பெருமையாக.

"ஆனா இந்த ஹம்சவேணி கிரைண்டர்தான் காதைக் கிழிக்குது. நீயே ஒரு வார்த்தை சொல்லேன். நான் சொன்னா சண்டைக்கு வரும்."

வீட்டுக்காரரே தன் பக்கம் என்றதும் அஸ்வினிக்குத் தைரியம் வந்துவிட்டது. அன்று மாலையும் முகிலன் கத்தினான், கிரைண்டரும் ஓடியது. அவன் அடங்கிக் கண்ணயர்ந்த பிறகும் அது நிற்கவில்லை. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

ஹம்சவேணி வீட்டுக் கதவு ஒருக்களித்திருந்தது.

"யக்கா..."

ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரில் அரிசியும் இல்லை, உளுந்தும் இல்லை. கொஞ்சம் தண்ணீரில் வெறும் கல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அஸ்வினியின் வீட்டுச் சுவரில் காதை வைத்து நின்றிருந்த ஹம்சவேணி திரும்பி, "வாம்மா, புள்ளை அடங்கிட்டானா? மாடிக்குச் சத்தம் போகலைல்ல?" என்று கேட்டபடி சுவிட்சை அணைத்தாள்.