பெருக்காத சருகு

"சருகையெல்லாம் பெருக்காம மண்ணு மேலேயே விட்டிருக்கீங்களே, அருமை! ஈரம் காயாது" என்றார் வீட்டுத் தோட்டப் போட்டியின் நடுவர். "பூச்சி மருந்து?"

"ஆறு மாசமா தொடலைங்க" என்றார் வீட்டுக்காரர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"அதான் இவ்வளவு பட்டாம்பூச்சி! காய்ஞ்ச பூவைக்கூட வெட்டலையே, விதையெல்லாம் குருவிக்கா?"

"இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"என்ன அடக்கம் சார் உங்களுக்கு! இந்த வருஷம் முதல் பரிசு உங்களுக்குத்தான்."

நடுவர் அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழோடு வீட்டுக்காரர் உள்ளே போனார். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, துவைக்க ஊறவைத்த படுக்கை விரிப்புகளைத் தாண்டிப் பின்னறைக்கு வந்தார்.

இடுப்பெலும்பு முறிந்து ஆறு மாதமாகப் படுத்திருக்கும் மனைவி தலையைத் திருப்பினாள். பதினோரு வருடம் அந்தத் தோட்டத்தில் ஒரு சருகு தங்கவிடாமல் பெருக்கி, வாரம் தவறாமல் மருந்தடித்து, ஆறுதல் பரிசுகூட வாங்காதவள் அவள்.

"என்னங்க சொன்னாங்க?"

"முதல் பரிசு."

அவள் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா! தினமும் பெருக்குங்க, வாரா வாரம் மருந்தடிங்கன்னு படுத்துக்கிட்டே நச்சரிச்சேனே, வீண் போகலை பாருங்க!"

இத்தனை நாளும் 'செஞ்சாச்சு' என்று தலையாட்டி வந்தவர், இன்றும் தலையாட்டினார்.

"நீங்க பட்ட கஷ்டம் போதும். அடுத்த மாசம் நான் எழுந்துடுவேன். மருந்தை ரெண்டு மடங்கா அடிச்சாவது, இந்தப் பரிசைக் கைவிடாம பார்த்துக்கிறேன்!"