தண்ணி பட்டிருக்கு

"தண்ணி பட்டிருக்கும்மா. உங்க பிளான்ல தண்ணிக்கு இடமில்ல. கிளெய்ம் தள்ளுபடி."

சர்வீஸ் சென்டர் கவுன்ட்டர் பெண் இதைச் சொன்னபோது முகத்தில் ஒரு சலனம் வேண்டுமே! கல்லு மாதிரி இருந்தாள்.

எதிரே நின்ற வயதான அம்மா ஆடிப்போய்விட்டார்.

"தண்ணியா? அலமாரி மேலேருந்து தரையில விழுந்ததும்மா. ஒரு சொட்டுத் தண்ணி படல. சத்தியமாச் சொல்றேன்."

"பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

அவருக்குப் பின்னால், கண்ணாடி உடைந்த என் போனோடு நான். நானும் அதே போன் பாதுகாப்பு பிளானுக்கு மாசாமாசம் அழுதுகொண்டிருப்பவன்தான். 'தெண்டம், தெண்டம்' என்று வீட்டில் மனைவியிடம் தினமும் அர்ச்சனை. அவள் சொல்வது சரிதான் போலிருக்கிறது.

அந்த அம்மா கவுன்ட்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இது என் பொண்ணோட போனும்மா. அவ இப்ப உசுரோட இல்ல. எனக்கு மறதின்னு, காலையில மாத்திரை நேரத்துக்கு அவ குரல்லயே பேசி அலாரம் வெச்சுட்டுப் போயிருக்கா. 'மாத்திரை போட்டியா? பொய் சொல்லாத, எந்திரி'ன்னு அதட்டுவா. அதுக்காகத்தான் அவ போனப்புறமும் இந்தப் பிளானுக்குக் கட்டிக்கிட்டு வரேன். கீழ விழுந்ததுலேருந்து போனுக்கு உயிரே வரல. அவ பேசவே மாட்டேங்கிறா..."

அவர் கவுன்ட்டர் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ உள்ள எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் சொன்னேனே! 'அதை வேற எதுலயாவது ஏத்தி வெச்சிருக்கீங்களா'ன்னு நீயும் கேட்டே. எனக்கு அதெல்லாம் தெரியாதுன்னேன். தெரிஞ்சுமா இப்படிச் சொல்றே?"

அந்தப் பெண், போனை ஒரு உறையில் போட்டு அவர் பக்கம் தள்ளினாள்.

"எதிர்த்தாப்ல ஒரு சின்னக் கடை இருக்கு. அங்க சரிபண்ணித் தருவாங்க. உள்ள இருக்கறது எதுவும் போகாது. ஆனா செலவு உங்களோடது."

"அப்ப இத்தனை நாள் உங்களுக்குக் கட்டினது?"

"அது திரும்ப வராதும்மா."

"அநியாயமா இருக்கே!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "வயசானவங்கன்னா இளிச்சவாயின்னு நினைப்பு!"

அந்த அம்மா போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நீயும் ஒருநாள் பெத்து வளர்த்துப் பறிகொடுத்துப் பாரு. அப்பத் தெரியும் உனக்கு."

பகீரென்றது எனக்கு. அந்தப் பெண்ணோ கம்ப்யூட்டரில் எதையோ தட்டிவிட்டு, "அடுத்தவங்க" என்றாள்.

அடுத்தவன் நான். என் போனைத் திருப்பிப் பார்த்தாள், பிளானைப் பார்த்தாள். சடசடவென்று வேலை முடிந்தது. புதுப் போன் கைக்கு வந்துவிட்டது!

"பழசைக் கொஞ்சம் குடும்மா. போட்டோவெல்லாம் எடுத்துட்டுத் தந்துடறேன்."

"முடியாது சார். கிளெய்மை ஏத்துக்கிட்டா பழசு கம்பெனியோடது. ரிப்பேரெல்லாம் கிடையாது. அப்படியே நொறுக்க அனுப்பிடுவோம்."

எனக்கு அது மண்டையில் ஏறவில்லை. கோபம்தான் முன்னால் வந்தது.

"எனக்கு மட்டும் சுளுவாக் குடுத்துட்டே. பிள்ளையைப் பறிகொடுத்தவங்களை அழவிட்டு அனுப்பறியே, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?"

"அடுத்தவங்க வாங்க" என்றாள், தலை நிமிராமல்.

வாசல் படியில் உட்கார்ந்து புதுப் போனை நோண்டினேன். துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பேரன் தத்தித் தத்தி நடந்த வீடியோ போச்சு. சே, இதையெல்லாம் முன்னாடியே எடுத்து வைக்கத் தெரியாத முட்டாள் நான்!

மதிய இடைவேளைக்கு ஷட்டர் பாதி இறங்கியது. அந்தப் பெண் சாப்பாட்டு டப்பாவோடு வெளியே வந்து, அதே படியில் ஓரமாக உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏம்மா... அந்த அம்மா போனை நீ ஏத்துக்கிட்டிருந்தா?"

"உங்களோடது மாதிரிதான் சார். நொறுக்கப் போயிருக்கும்."

"அவங்ககிட்ட சொல்லித் திருப்பிக் குடுத்திருக்கலாமே?"

"அவங்க தம்பி கிளெய்மை ஆன்லைன்ல பதிஞ்சுட்டாரு. பதிஞ்சதை வாபஸ் வாங்க முடியாது. ஒண்ணு ஏத்துக்கணும், இல்ல தள்ளணும். தள்ளினாத்தான் பழைய போன் வீட்டுக்குப் போகும்."

"அப்ப, தண்ணி பட்டிருக்குன்னது?"

"ஒரு சொட்டு கிடையாது சார்."

எதிர்த்த கடையில் அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் தலை குனிந்து போனைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கவுன்ட்டர்ல கேமரா இருக்கு, வாயைத் திறக்க முடியாது, சரி. இப்பவாச்சும் ஓடிப்போய்ச் சொல்லிடும்மா. பெத்தவ வயிறெரிஞ்சு விட்ட சாபம். அதை ஏன் சுமக்கறே?"

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சொன்னா, பார்க்கறவங்ககிட்ட எல்லாம் என்னைப் புகழ்ந்து பேசுவாங்க சார். மேனேஜர் காதுக்குப் போயிடும். இதே மாதிரி இன்னொரு அம்மா வரும்போது, அந்த சீட்ல நான் இருக்கணும்ல?"