சவிரியானின் கண்

கொட்டாஞ்சேனை மாடிவீட்டு விறாந்தையில், மத்தியான வெயில் கண்ணைக் குத்த, இரண்டு கிழவர்கள் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கிறார்கள். சண்டை தொடங்கிய பிறகு கடற்படைக்காரன் இவர்களைப் போன்ற பழைய தொழிலாளியைக்கூடத் துறைமுக வாசலுக்குள் விடுவதில்லை. கப்பல் பார்ப்பதென்றால் இங்கிருந்துதான். போன மாதம் ஒரே நாளில் இருவருக்கும் கண்புரை எடுத்து உள்ளே லென்ஸ் வைத்தார்கள். தூரம் நன்றாகத் தெரியும் என்றுதான் இருவருக்கும் சொன்னார்கள். சவிரியான் கப்பலின் பெயரை எழுத்தெழுத்தாக வாசிக்கிறான். கொன்ஸ்ரன்ரைனுக்கு அதே கப்பல் தேத்தண்ணியில் ஊறிய பாண் துண்டு போலக் கலங்கிக் கிடக்கிறது. "நான் கக்கூசுக்குப் போன நேரம் பாத்து நீ முந்திப் போய் ஒப்பரேசன் மேசையில படுத்தனி. எனக்கு வைக்க இருந்ததை உனக்கு வைச்சிட்டாங்கள்" என்கிறான். "சில கண்ணுக்கு அளவு தவறுமாம், கண்ணாடி போட்டாச் சரிவரும் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே. லென்ஸ் என்ன செருப்பே மச்சான், கொச்சிக்கடைக் கோயில் வாசல்ல மாறிப் போட?" என்று சவிரியான் சிரிக்கிறான். கொன்ஸ்ரன்ரைனின் மனைவி றஞ்சிதம் இரண்டு சோற்றுக் கோப்பைகளோடு வருகிறாள். "அண்ணைக்குக் கிட்டத்தில தெரியாதெல்லோ, பொறுங்கோ" என்று சவிரியானின் கோப்பையை மடியில் வைத்து மீனில் முள் எடுக்கிறாள். "எனக்கு ஆர் எடுக்கிறது?" என்கிறான் கொன்ஸ்ரன்ரைன். "உங்களுக்குத்தான் கிட்டக் கிடக்கிறதெல்லாம் வடிவாத் தெரியுதே, நீங்களே எடுங்கோ." தெரிகிறதுதான். ஒவ்வொரு முள்ளும், அதை உருவுகிற அவளுடைய விரலும், நகக்கண்ணில் ஏறிய மஞ்சளும், அவள் உதட்டோரத்தில் எழும்பும் சிரிப்பும் கொன்ஸ்ரன்ரைனுக்கு மயிரளவும் மங்காமல் தெரிகின்றன.