ஆறு மணி வீடியோ

வேலையிலிருந்து வந்ததுமே மாமியார் நீட்டிய காபியோடு அறைக்குள் புகுந்த மருமகள், கணவனிடம் கிசுகிசுத்தாள்.

"உங்கம்மா டேப்லெட்ல ஒரு ப்ளேலிஸ்ட் ஃபைல் இருக்கு. தினம் ஆறு மணிக்கு அதைத்தான் பாத்திருக்காங்கன்னு அதுலயே காட்டுது. அதை என் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வச்சிருக்கேன். என்னை வேவு பாக்குறாங்கன்னா நாளைக்கே தனிக்குடித்தனம்!"

அவளுடைய விண்டோஸ் கணினி, அந்த ஃபைலை எந்தச் செயலியில் திறக்கட்டும் என்று கேட்டது. நோட்பேடில் திறந்தாள். வெறும் வீடியோ முகவரிகள்தான் இருந்தன.

கணவன் படபடப்போடு தன் மேக் கணினியில் திறந்தான். அதில் நேராகவே படம் ஓடியது. தெருமுனைப் பேருந்து நிறுத்தம். போக்குவரத்துக் கேமராவின் நேரலை.

"பாத்தீங்களா? நான் எப்ப வர்றேன்னு கண்காணிப்பு!"

வாசலில் மாமியார் நின்றிருந்தார்.

"ஆமாம்மா. நீ பஸ்ஸை விட்டு இறங்குறதைப் பாத்துதான் பாலை அடுப்புல வைப்பேன். காபி ஆறிப்போனா நீ குடிக்க மாட்டியே."

மருமகள் தலைகுனிந்தாள். கையிலிருந்த காபியில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.