சோறு ஆறுவதற்குள்

கட்சித் தலைவர் தேர்தலுக்கு இப்போது யாரும் வரிசையில் நிற்பதில்லை. ஒவ்வோர் உறுப்பினர் வீட்டிலும் கட்சி மாட்டிய பெட்டி, கடைசி நாள் இரவு ஒன்பது மணிக்குள் அவர் கடைசியாக யாரை ஆதரித்துப் பேசுகிறாரோ, அதையே ஓட்டாகப் பதிந்துகொள்கிறது.

"நாப்பது வருசமா கட்சியக் காத்த பெரியவர விட்டுட்டு, நேத்து வந்த நிலாமதிக்கா ஓட்டு?" மாசிலாமணி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கட்சியவா காத்தாரு? தன் நாற்காலியத்தான் காத்தாரு," என்றாள் மனைவி செண்பகவல்லி.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"சரி, நீங்க சொல்றதுதான் சரி. வந்து சாப்பிடுங்க."

மணி ஒன்பது. சுவரில் இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. "செண்பகவல்லி, உங்கள் ஓட்டு பெரியவருக்குப் பதிவானது. நன்றி."

அந்த வட்டத்தில் நூற்றுப் பன்னிரண்டு பெண் உறுப்பினர்கள். நிலாமதிக்கு விழுந்தவை மூன்று. அவற்றைப் போட்ட மூவருமே தனியாக வாழ்பவர்கள்.