பின்னால் வீசிய நங்கூரம்

விழிஞ்சத்தில் அலைதடுப்பாகக் கொட்டிய புலிமுட்டுப் பாறைகளில் அலை மோதிச் சிதறும் நுரை வள்ளத்துக்குள்ளேயே வந்து விழுகிறது. ததேயுஸ் மறுபடியும் எஞ்சினை இழுத்துவிடுகிறான். நியூட்ரலில் நன்றாகவே ஓடுகிறது. கியரில் தள்ளியதும் செத்துப்போகிறது. பெட்ரோல் இருக்கிறது, பிளக்கும் மாற்றியாயிற்று. குப்புறச் சாய்ந்து, கலங்கல் நீருக்குள் கையை விட்டு எஞ்சின் விசிறியைத் தடவுகிறான். கயிறு. கடல் எழும்பிய பதற்றத்தில் முன்பக்க அணியத்துக்குப் போகாமல் பின்னாலிருந்தே அவன் வீசிய நங்கூரத்தின் கயிறு, விசிறியில் சுற்றி விறைத்து நிற்கிறது. வள்ளத்தைப் பாறைக்குப் போகவிடாமல் இழுத்துப் பிடித்திருப்பதும் அதுதான். “அறுத்தா வள்ளம் பாறைக்குப் போயிரும்லே,” என்கிறான். மச்சினன் கிளீட்டஸ் பக்கத்தில் படுத்து, அலை தாழும் கணத்தில் தளர்கிற கயிற்றை, விசிறிக்கு அப்பால் நங்கூரப் பக்கமாகப் பிடித்து, தன் முன்கையில் சுற்றிக்கொள்கிறான். “நான் பிடிச்சுக்கிடுதேன். அறுங்க மச்சான்.” கத்தி முதல் இழையை அறுக்கும்போதே அடுத்த அலை வள்ளத்தைத் தூக்க, கயிறு இறுகி இழுத்து கிளீட்டஸின் தோள் நீருக்குள் இறங்குகிறது.