இடது பக்கம் திரும்பினால் மட்டும்

"இந்த வாரத்தோட வண்டியைத் தள்ளிவிட்டுடறேன் மாமா. எக்ஸ்சேஞ்சுல வெளிநாட்டு வண்டி தர்றாங்க."

மாப்பிள்ளை இதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் மைக்செட்டுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

கார் தொழிற்சாலையில் முப்பது வருடம் கதவுப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். சங்கத் தலைவரும் அவர்தான், ராத்திரி பகல் பாராமல் சுவரில் சிவப்புச் சாயத்தால் கோஷம் எழுதியவரும் அவர்தான். பேச ஆரம்பித்தால் நிறுத்த ஆள் கிடையாது, அதனால் மைக்செட் என்று பெயர். தொழிற்சாலையை இழுத்து மூடி மூன்று வருடமாகிறது. யாரால் மூடவேண்டி வந்தது என்று அவரிடம் கேட்டால், கேட்டவர் அன்றைக்கு வேறு வேலை பார்க்க முடியாது.

அன்றும் பட்டியல் ஆரம்பமானது. வெளிநாட்டு வண்டிக்கு வரியைக் குறைத்த அரசாங்கம். பளபளப்பில் மயங்கிய ஜனங்கள். எல்லாருக்கும் மேலே முதலாளி.

"அந்த ஆளு நம்ம வண்டியில ஒரு நாளாவது ஏறியிருப்பாரா? கேட்டுக்குள்ள வர்றதே வெளிநாட்டுக் கார்ல. தான் சமைச்சதைத் தானே தொடாதவன் கடையில வேற எவன் மாப்பிள்ளை சாப்பிடுவான்?"

மாப்பிள்ளை மறுக்கவில்லை. அவருக்குத் தலைவலி முதலாளி அல்ல, ஒரு சத்தம். ஒன்பது வருடத்துக்கு முன் மாமா சொன்னார் என்றுதான் இந்த வண்டியை வாங்கி ஒரு ஹோட்டலுக்கு ஓட்டுகிறார். வாங்கின நாளிலிருந்து பின்பக்கம் எங்கேயோ 'டக், டக்' என்கிறது. பார்க்காத மெக்கானிக் இல்லை. சக்கரத்தை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை மாற்றினார்கள். சத்தம் மட்டும் அப்படியே இருந்தது. விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வண்டி வேண்டாம் என்று ஹோட்டலில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

"இடது பக்கம் திரும்பினா மட்டும்தான்பா சத்தம் போடுது. உங்க சங்கத்துல சேர்ந்துடுச்சு போல" என்றாள் மகள், உள்ளேயிருந்து.

மைக்செட் சிரிக்கவில்லை. அந்த வண்டியில் எத்தனையோ தடவை போயிருக்கிறார், ஒரு சத்தமும் கேட்டதில்லையே.

"நீங்க ஏறினா உங்க குரல்தான் மாமா கேக்கும்" என்றார் மாப்பிள்ளை.

நம் ஆட்கள் செய்த வண்டியில் குறையே இருக்காது, நானே கூட வந்து காட்டுகிறேன் என்று மைக்செட் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் அவருக்குப் பிடித்த கதை. இந்த வண்டி வாங்கிய வருடம் சங்கம் சம்பள உயர்வு வாங்கிக் கொடுத்த கதை. ஒரு நாள்கூட வேலையை நிறுத்தவில்லை, ஒரு கண்ணாடியும் உடையவில்லை. இரண்டே மாதத்தில் முதலாளி இறங்கி வந்துவிட்டார். எப்படி என்று மாப்பிள்ளையும் வருடக்கணக்காகக் கேட்டுப் பார்க்கிறார்.

"அது தொழிலாளி ரகசியம்." அன்றும் அதே பதில்தான்.

புது ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஒரு பெண். வண்டியை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று ஸ்டியரிங்கைப் பிடித்தவர், பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம் பேசாம வர முடியுமாய்யா?"

"எனக்கும் பார்க்கணும்னு ஆசைதான்" என்றார் மாப்பிள்ளை.

முதல் இடது திருப்பம். டக். இரண்டாவது. டக், டக்.

வலது கதவோரம் உட்கார்ந்திருந்த மைக்செட்டின் முகம் மாறியது. மூன்றாவது திருப்பத்துக்கு முன் கதவின்மேல் உள்ளங்கையை வைத்தார். அது உள்ளேயிருந்து கையில் தட்டியது.

"கிடைச்சிடுச்சு" என்று மெக்கானிக் வண்டியை நிறுத்தினார். "கதவுக்குள்ள ஏதோ தொங்குது. உள் அட்டையைக் கழட்டினா தெரிஞ்சிடும்."

"வேண்டாம்மா." மைக்செட்டின் குரல் இறங்கியிருந்தது. "பழைய கதவு, கழட்டினா தாங்காது. மாப்பிள்ளை, நீங்க சொன்னதுதான் சரி. தள்ளிவிட்டுடுங்க. வெளிநாட்டு வண்டியே எடுத்துக்கங்க."

மாமா வாயிலிருந்து 'வெளிநாட்டு வண்டி' என்ற இரண்டு வார்த்தைகள் வசவு இல்லாமல் வந்து மாப்பிள்ளை கேட்டதே இல்லை.

"கழட்டுங்க" என்றார் மாப்பிள்ளை, மெக்கானிக்கிடம்.

எட்டு ஸ்க்ரூ. அட்டை கையோடு வந்தது. உள்ளே கட்டுக்கம்பியில் ஒரு பெரிய நட்டு தொங்கியது. தானாக விழுந்து மாட்டியது அல்ல. வண்டி இடது பக்கம் திரும்பினால் தகட்டில் போய் இடிக்கும்படி, அளவு பார்த்து யாரோ கட்டியிருந்தார்கள்.

"தகட்டுல என்னமோ எழுதியிருக்கு." மெக்கானிக் டார்ச் அடித்துப் படித்தார். "முதலாளி காதில் விழட்டும்."

சிவப்புச் சாயம். அந்தக் கையெழுத்தை ஊரில் எல்லாச் சுவரும் அறியும்.

"இதுமாதிரி எத்தனை வண்டி மாமா?"

மைக்செட் தரையைப் பார்த்தார். "ஒரு நாளைக்கு நாப்பது. ரெண்டு மாசம்." பிறகு, யாரும் கேட்காமலே, "புகார் குவிஞ்சா வழிக்கு வருவாருன்னுதான். வந்தாரில்ல?" என்றார்.

மாப்பிள்ளை கம்பியை வெட்டி, நட்டை மாமாவின் கையில் வைத்தார். குரலில் கோபம்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"முதலாளி நம்ம வண்டியில ஒரு நாளும் ஏறினதில்லைன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"